நகம் பட்ட நேரம்

நாமகிரி நரசிம்மா, உன் நகத்தின் வேகத்தை எனக்கு விளங்கவைத்தது ஒரு துண்டு ஒளி!

லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பட்டறையில் பிழைக்கிறவனுக்கு நெருப்பு பழகிப்போன ஒன்று. கேஸ் கட்டிங் போட்டால் தகட்டின் ஓரம் உருகி வழியும். பிசிறு நிற்கும். வெட்டின இடத்தைச் சுற்றி நீலம் பாயும், தகடு நெளியும். கிரைண்டர் பிடித்துத் தேய்ப்போம். வெட்டினால் சுடத்தான் செய்யும், அது இரும்பின் தலையெழுத்து என்றே இருந்தேன்.

சுடாமல் செதுக்கும் ஒளியைப் பற்றிப் படித்த அன்று மெய்சிலிர்த்துப் போனது. ஃபெம்டோ விநாடி லேசர்! ஒரே விநாடியில் பூமியை ஏழரைச் சுற்று சுற்றிவிடும் ஒளி, நூறு ஃபெம்டோ விநாடியில் போவது 0.03 மில்லிமீட்டர்தான். தலைமுடித் தடிமன்கூட இல்லை. அத்தனை குறுகிய துடிப்பு உலோகத்தில் விழுந்ததும் எலெக்ட்ரான்கள் மட்டும் அதை விழுங்கிக் கொதிக்கின்றன. அணுக்களுக்குச் சேதியே எட்டாது! சில பிக்கோ விநாடி, அதாவது சில ஆயிரம் ஃபெம்டோ விநாடி, கழித்து அவை சூட்டை வாங்கும்போது துடிப்பு எப்போதோ முடிந்திருக்கும். அக்கம்பக்கத்தில் சூடு பரவ அவகாசமில்லை. மேற்பரப்பில் சில பத்து நானோமீட்டர் மட்டும் ஆவியாகவும் நுண்துகளாகவும் பறந்துவிடும். அடுத்த துடிப்புக்கு அடுத்த படலம். கற்பூர ஆரத்தியைத் தொட்டு ஒற்றிக்கொள்ளும் கை சுடுவதில்லையே, அப்படி! ஆனால் பேராசைப்பட்டுச் சக்தியை ஏற்றினாலோ, துடிப்புகளை நெருக்கினாலோ இதிலும் சூடு சேர்ந்து உருகத்தான் செய்யும்.

பகலில் கூடாது, இரவில் கூடாது, உள்ளே கூடாது, வெளியே கூடாது, ஆயுதம் கூடாது என்று வரம் வாங்கிவைத்தான் இரணியன். ஒரு சந்து விட்டுப்போனது அவனுக்குத் தெரியவில்லை. அந்தியில் வந்தாய். வாசற்படியில் அமர்ந்தாய். மடியில் கிடத்தி நகத்தால் பிளந்தாய். எலெக்ட்ரான் கொதித்து, அணு இன்னும் குளிர்ந்திருக்கும் அந்தப் பிக்கோ விநாடிச் சந்து உன் அந்திப் பொழுதேதான் அப்பா! அத்தனை உக்கிரத்திலும் பக்கத்தில் நின்ற பிள்ளை பிரகலாதன்மேல் ஒரு பொறி பட்டதா?

அந்த ஒளியின் உக்கிரத்தைத் தாங்குவதும் லேசில்லை. வலுவான துடிப்பு, தன்னைப் பெருக்கும் கருவியையே உடைத்துவிடும். 1985இல் இயற்பியலாளர்கள் டோனா ஸ்ட்ரிக்லாண்டும் ஜெரார் மூருவும் துடிப்பை முதலில் நீட்டித் தணித்து, பெருக்கி, கடைசியில் சுருக்கினார்கள். 2018இல் நோபல் பரிசு வந்தது. இன்று இதயக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட்டை இந்த ஒளியால் வெட்டுகிறார்கள். பெட்ரோல் இன்ஜெக்டரின் நுண்துளைகளையும் இதைக்கொண்டு போடுகிறார்கள்.

கணிதமேதை ராமானுஜத்துக்குக் குலதெய்வம் உன் தேவி நாமகிரித் தாயார். சூத்திரங்களை அவள்தான் தருகிறாள் என்று அவர் நம்பினார். பட்டறைக்காரனுக்கும் ஒரு துளி கொடுத்தாளே, அது போதும்!

8ஆம் நூற்றாண்டு அதியமான் குடவரைக்குள் நின்று கண்ணீர் விட்டேன். இந்தப் பாறையில் எவரும் எதையும் கூட்டவில்லை. கழித்தார்கள், நீ தெரிந்தாய். என் அகந்தையையும் படலம் படலமாக எடு சுவாமி, சுடாமல் எடு.

நாமக்கல் வருகிறவர்களே, பதினெட்டடி ஆஞ்சநேயரைச் சேவித்துவிட்டு, வடைப் பிரசாதத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாதீர்கள். எதிரே மலையடிவாரக் குடவரைக்குள் போய்ச் சுவரில் இருக்கும் இரணிய வதத்தைப் பாருங்கள். கூட ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளை இருந்தால், வெளியே வந்ததும் பிக்கோ விநாடியையும் சொல்லிக்கொடுங்கள்.