கொடை கடனைத் தீர்க்குமா?



கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1938-ல் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப் பள்ளியில் பயின்று, ஹார்வர்ட் வரை சென்று, நாட்டின் பெருஞ்செல்வர்களில் ஒருவராகி, 2024 நவம்பரில் மறைந்தவர் ஆனந்த கிருஷ்ணன். மாக்சிஸ், அஸ்ட்ரோ போன்ற நிறுவனங்களை வளர்த்தார். 1985-ல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்திற்காக நடந்த ‘லைவ் எய்ட்’ இசை விழாவுக்குத் துணை நின்றார். கல்விக்கு உதவியும் விளம்பரத்தை நாடாதவர்.

அவருடைய முதலீடுகளில் ‘நாலு நம்பர்’ பந்தயத் தொழிலும் இருந்தது. அது அரசாங்க அனுமதி பெற்ற தொழில். அவர் நம் மார்க்கத்தவரும் அல்லர். அவரை எடை போடுவது நம் வேலையன்று. ஆனால் ஒரு கேள்வி நம் கல்லாவை நோக்கித் திரும்புகிறது: தகாத வழியில் வந்த லாபத்தைத் தர்மம் செய்துவிட்டால் தீர்ந்ததா?

நாம் பந்தயக் கடை வைக்கவில்லை. எனினும், கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைப்பவரும், சிப்பந்தியின் சம்பளத்தை மூன்று மாதம் நிறுத்தி வைப்பவரும் நம்மில் இல்லையா? அவரே ரமலானில் மதரஸாவுக்கு மூடை மூடையாக அரிசி அனுப்புகிறார். பிள்ளைகள் பசியாறுவது நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் வாழ்த்துபவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர். ஒருவருக்குத் தர வேண்டிய பாக்கியை மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டு, கணக்குத் தீர்ந்ததென்று எந்தக் கணக்குப்பிள்ளை ஏட்டை மூடுவார்?

ஆகவே, முதலில் சிப்பந்தியை அழைத்துப் பாக்கியைக் கொடுங்கள், தராசைச் சரிபாருங்கள். பிறகு நன்கொடைச் சீட்டில் கையெழுத்திடுங்கள். அப்போது கொடுப்பது ஒரு வெள்ளியானாலும், அது நம்முடைய வெள்ளியாயிருக்கும்.