பூசலாரின் கோயிலும் விஆர் கண்ணாடியும்

சென்னைப் புறநகர்க் காட்டுப்பாக்கத்துக்குத் தெற்கே, பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். வடமேற்கே, ஆவடியைத் தாண்டினால், அவர் பாடிய சிவனடியார் பூசலாரின் திருநின்றவூர். பொருள் கிடைக்காத பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியதும், அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில் காஞ்சியில் தன் கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி நாளை மாற்றச் சொன்னதும் ஊரறிந்த கதை. மனத்துக்குள் கட்டிய அந்த வேலையைச் சேக்கிழார் விவரிக்கும் விதத்தைத்தான் நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. பூசலார் மனத்தாலேயே பொருள் தேடுகிறார், தச்சரைச் சேர்க்கிறார், நல்ல நாள் பார்த்துத் தொடங்குகிறார், இரவிலும் உறங்காமல் விமானம் எழுப்புகிறார், சுதை பூசுகிறார், கிணறும் மதிலும் குளமும் அமைக்கிறார். எதுவும் நொடியில் வந்துவிடவில்லை. அத்தனை நாளும் மனம் ஒன்றிலேயே நின்றதே, அதுதான் அவர் செய்த தவம். தியானத்துக்கென்று இன்று உருவாகும் மெய்நிகர் (விஆர்) உலகங்களிலோ, கண்ணாடியை மாட்டிய உடனே மலையும் அருவியும் கோயிலும் வந்து நிற்கின்றன. கட்டும் உழைப்பைக் கருவியே எடுத்துக்கொண்டால் மனத்துக்கு என்ன வேலை மிச்சம்?

கருவிக்கு ஆற்றல் இல்லை என்று சொல்லவில்லை. தீக்காயத்தைச் சுத்தம் செய்யும்போது நோயாளிகளுக்கு 'ஸ்னோவேர்ல்ட்' என்ற மெய்நிகர்ப் பனியுலகைக் காட்டினார்கள், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும். வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். காட்சி கவனத்தைப் பறித்துக்கொள்வதால், வலிக்குக் கிடைக்கும் கவனம் குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். வலியில் துடிப்பவருக்கு அது வரம். தியானம் பழகுபவருக்கு வேண்டியதோ, சிதறிய கவனத்தைத் தானே கண்டுகொண்டு தானே திருப்பும் திறம். சிதறவே விடாத காட்சிக்குள் அது எப்படி வளரும்?

லாரிச் சத்தம் நிறைந்த பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் குடியிருப்பவர், புதிதாகப் பழகுபவர், துணையில்லாமல் எப்படி உட்காருவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காஞ்சியில் வாழ்ந்ததாகத் தம் உரையொன்றில் குறிப்பிடும் பௌத்த உரையாசிரியர் புத்தகோசரும் துணையை மறுக்கவில்லை. ஒரு சாணும் நான்கு விரலும் அகலமுள்ள மண்வட்டத்தைப் பார்த்துப் பழகச் சொல்கிறது அவருடைய விசுத்திமக்கம். ஆனால் கண்ணை மூடினாலும் வட்டம் தெரியத் தொடங்கியதும், அங்கே உட்காராதே, உன் இருப்பிடத்துக்குப் போய்ப் பழகு என்கிறது. உரு மறைந்துபோனால் மட்டும் திரும்பி வந்து பார்க்கலாம். விடுவதற்காகவே கொடுக்கப்பட்ட துணை அது.

கோயிலும் விளக்கும் மணியும் புலன்களை மூழ்கடிப்பவைதானே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஆனால் அங்கே நடப்பது என்ன? கோபுரம் நிறைய உருவங்கள். உள்ளே போகப் போக அவையும் குறைகின்றன, வெளிச்சமும் குறைகிறது. கருவறையில் ஓர் உருவமும் விளக்கும் மிஞ்சுகின்றன. வள்ளலார் 1872-இல் வடலூரில் தொடங்கிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் விலகிய பிறகே ஜோதி தரிசனம். காட்சியைக் கூட்டிக்கொண்டே போகும் செயலிகள் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகின்றன. சார் டேவிஸ் என்ற கனடாக் கலைஞர் 1995-இல் உருவாக்கிய 'ஆஸ்மோஸ்' படைப்பில் மூச்சை இழுத்தால் மேலே எழலாம், விட்டால் கீழே இறங்கலாம். பார்ப்பவரின் உடலுக்கே வேலை கொடுத்த அந்த வழி நல்ல தொடக்கம். அதற்கு மேல் ஒரு படி வேண்டும். சென்னையில் இத்தகைய செயலிகளை எழுதும் இளைஞர்களே, ஒவ்வொரு அமர்விலும் காட்சியில் ஒன்றைக் குறையுங்கள். கடைசிச் சில நிமிடங்களை இருட்டாக விடுங்கள். மதிப்பெண்ணும் பரிசும் வேண்டாம். உங்கள் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரக் கற்றவர் எத்தனை பேர் என்பதையே வெற்றியின் கணக்காக வையுங்கள்.