கை அளவு

புல்லாங்குழல் ஒன்று, பிள்ளைகள் மூன்று பேர். அமர்த்தியா சென் 2009இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் வரும் கதை இது. ஆன் என்பவளுக்கு மட்டும்தான் வாசிக்கத் தெரியும். பாப் ஏழை, விளையாட அவனிடம் வேறு எதுவும் கிடையாது. கார்லா மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்தக் குழலைச் செய்தவள். யாரிடம் கொடுப்பது? மூன்று பதிலுக்குப் பின்னாலும் ஒரு தத்துவம் நிற்கிறது, எதையும் லேசில் தள்ளிவிட முடியாது என்று காட்டத்தான் சென் இதைச் சொல்கிறார். அவருக்கு வெகுகாலம் முன்பே அரிஸ்டாட்டிலும் குழலைத்தான் உதாரணமாக எடுத்தார். நல்ல குழல் நன்றாக வாசிப்பவனுக்குப் போகட்டும், உயர்குடியில் பிறந்தவன் என்பதற்காகக் கொடுத்தால் அவன் ஒன்றும் கூடுதல் அழகாக ஊதிவிடப் போவதில்லை என்றார்.

இரண்டு பேரும் ஒரு ஆளை விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். இன்னும் வாசிக்கத் தெரியாத, ஆனால் வாசிக்கப் போகிற ஆள். பாப்பைச் சொல்லலாம்தான், ஆனால் கதையில் அவனுக்கு அது பொம்மை மட்டுமே. நாளைக்கு அவன் வாசிப்பானா என்று யாரும் கேட்பதில்லை. நடைமுறையில் நாம் ஒருவருக்குக் கருவி வாங்கித் தருவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். அப்போது "உனக்கு இதுதான் பொருத்தம்" என்று எதை வைத்துச் சொல்கிறோம்? இப்போது இருக்கிற கையை வைத்தா, வரப்போகிற கையை வைத்தா? தமிழில் பொருத்தம் என்றாலே ஜாதகக் கட்டு வாசனை அடிக்கிறது. பத்துப் பொருத்தம் பார்த்து முடித்த பிறகுதான் பல வீடுகளில் பெண்ணிடம் விஷயத்தையே சொல்வார்கள்.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது ஒரு பேஸ் கிட்டார். ரந்தாவுக்கும் லிங்கிக்கும் நடுவில் ஒரு தோட்டம். ரப்பர் போய் செம்பனை வந்தாயிற்று, பாதிக் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபோயாயிற்று. கோயில் மட்டும் அங்கேயே இருப்பதால் திருவிழாவும் அங்கேயே நடக்கிறது. அந்தப் பிள்ளைகளின் இசைக்குழுவில் பேஸ் வாசித்த பையன் வேலை கிடைத்து ஜொகூருக்குப் போனான், கிட்டாரும் அவனோடு போய்விட்டது. வசூல் செய்ததில் 1,800 ரிங்கிட் சேர்ந்தது. ஒரு மாதக் குறைந்தபட்சச் சம்பளமே இன்று 1,700 ரிங்கிட் என்பதால், அங்கே அது சின்னத் தொகை இல்லை. கற்றுக்கொள்ள முன்வந்தது ஒரே ஒரு ஆள். படிவம் ஒன்றில் படிக்கும், பதின்மூன்று வயதுப் பெண்.

நான் மின்பொறியியல் படித்தவன், பல்கலைக்கழக நாளிலிருந்து பேஸ் வாசிப்பவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் கூட்டத்தில் மூன்று தீர்ப்பு தயாராக இருந்தது. "சின்ன கை தம்பி, சின்ன சைஸா பாத்து வாங்கிக் குடுங்க." "வளர்ற புள்ளைக்கு ஏன் சின்னது? பள்ளிக்கூடச் சட்ட மாதிரி பெருசா வாங்கிப் போட்டா ரெண்டு வருசத்துல சரியா வந்துரும்." மூன்றாவது: "பொம்பளப் புள்ளைக்கு கீபோர்டு போதாதா லா?"

மூன்றாவதற்குப் பதில் சொல்ல நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. 1960களின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் பேஸுக்கு முதலில் தேடப்பட்டவர்களில் ஒருவர் கேரல் கே என்ற பெண். இன்றைக்கு ஏ.ஆர். ரஹ்மானோடு மேடையேறிய மும்பையின் மோகினி டே இருக்கிறார். யூடியூபில் போட்டுக் காட்டினேன், விஷயம் முடிந்தது. முதல் இரண்டும்தான் கஷ்டமானவை. ஏனென்றால் இரண்டும் அன்போடு சொல்லப்பட்டவை.

கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வழக்கமான பேஸ் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். குட்டை வகையில் 30. இன்னும் சின்னது வேண்டுமென்றால் ஐபனெஸ் மைக்ரோ இருக்கிறது, 28.6. விரலுக்கு ஒரு ஃபிரெட் (வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள்) என்று நான்கு விரலையும் விரித்து வைத்தால், முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காவதுக்கு 34இல் ஏறக்குறைய 130 மில்லிமீட்டர், 30இல் 114. ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். பதின்மூன்று வயதுக் கைக்கு அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் சும்மா கிடைக்காது. அதே தந்தியை அதே சுருதிக்கு 30 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை 22 விழுக்காடு குறையும். அடித் தந்தி தொளதொளவென்று ஆடும், ஒலி கொஞ்சம் மழுங்கும். இதுவரை கூட்டத்தில் சொன்ன முதல் ஆள் பக்கம் பாதி நியாயம்.

ஆனால் "கை சின்னது" என்ற அளவே ஒரு வாசிப்பு முறையை வைத்து எடுத்த அளவு. ஆளுயரம் நிற்கும் டபுள் பேஸில் தந்தி நாற்பது அங்குலத்துக்கும் மேல் இருக்கும். அதை வாசிப்பவர்கள் என்ன ராட்சதர்களா? 19ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் சிமாண்டல் என்ற ஆசிரியர் பாடமாக்கிய முறையில் கழுத்தின் கீழ்ப்பகுதியில் மோதிர விரல் தனியாக அழுத்தாது, சுண்டு விரலுக்குத் துணை நிற்கும். நான்கு ஃபிரெட்டுக்குப் பதில் மூன்றைத்தான் கை பிடிக்கும், மிச்சத்துக்குக் கை நகரும். அதே முறையை 34 அங்குல பேஸில் வைத்தால் தேவைப்படுவது 89 மில்லிமீட்டர். குட்டை பேஸில் நான்கு விரலை விரிப்பதைவிடக் குறைவு. ஆக, கை போதவில்லை என்று நாம் சொன்னபோது உண்மையில் போதாமல் இருந்தது நமக்குத் தெரிந்த பாடம். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எழுதிவிடுகிறார்களே, அந்த இடத்திலும் எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு.

அந்த 34 அங்குலமும் யார் கையையும் அளந்து வந்ததில்லை. கலிபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பேஸின் நீளம் அது, பிறகு உலகத்துக்கே வழக்கமாகிவிட்டது. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கருவிக்கு 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று பேர் வைத்தார். டபுள் பேஸில் ஃபிரெட் கிடையாது, காதும் கையும் பல வருஷம் பழகினால்தான் சுருதி நிற்கும். அந்தப் பயிற்சி இல்லாத கிட்டார்காரனும் ஃபிரெட்டைப் பிடித்துச் சுருதி தப்பாமல் வாசிக்கலாம் என்பதுதான் அவர் கணக்கு. தகுதியில்லாதவர்களுக்காகச் செய்த கருவி என்று அன்றைய டபுள் பேஸ்காரர்கள் சொல்லியிருந்தால் அது பொய்யில்லை. 1961இல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி வாங்கிய ஹோஃப்னர் பேஸ், குட்டை வகை. ஃபெண்டர் வாங்கக் காசில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வயலின் உடம்பு என்பதால் இடக்கைக்காரன் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது. இவ்வளவுதான் அவர் பார்த்த பொருத்தம். டெட்ராய்ட்டின் மோட்டவுன் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கையின் ஒற்றை ஆட்காட்டி விரலால் மீட்டியவர், அறுந்தால் ஒழிய தந்தி மாற்றாதவர். இன்றைக்கு ஒரு கடைப் பையன் அவரைப் பார்த்தால் இரண்டையும் திருத்தியிருப்பான்.

இங்கேயே நிறுத்தி "பார், பொருத்தம் என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் பழக்கம்தான்" என்று முடித்துவிடலாம். இளம் வயதில் இந்தப் பேச்சு இனிக்கும். எனக்கு அது ஒத்துவரவில்லை. காரணம் என் பாட்டியின் தோள்.

பாட்டி பால்மரம் வெட்டியவர். காண்டா வாளியை, அதாவது கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி தொங்க, தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தவர். வலத்தோளில் ஒரு காய்ப்பு, சாகும்வரை போகவில்லை. அந்தக் கம்பை எடுத்துக் கொடுத்தபோது யாரும் அவர் உயரத்தையோ தோளையோ பார்த்ததில்லை. ஆளுக்கு ஒரு கம்பு, ஒரு உளி, இத்தனை மரம். உடம்பு தானாக வளைந்துகொள்ளும் என்பது தோட்டத்தின் நம்பிக்கை, வளைந்தும்கொண்டது. அளவே பார்க்காமல் கொடுப்பதன் கொடுமை அது. அதனால் "பெருசா வாங்கு, சரியா வந்துரும்" என்று யாராவது சொன்னால் எனக்குத் தோள்தான் ஞாபகம் வரும். கை வளரலாம். வளர்வதற்குள் மணிக்கட்டு போய்விட்டால்? வலித்தால் அந்தப் பெண் ஒரு மாதத்தில் விட்டுவிடுவாள், பிறகு "நான் அப்பவே சொன்னேன், அவளுக்கு இதெல்லாம் வராது" என்பதும் கிளம்பும்.

அளவு பார்த்துக் கொடுத்ததும் நம்மிடம் உண்டு, அதுவும் தோட்டத்திலேயே. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். நடத்தினார்கள். பல இடங்களில் நாலைந்து வகுப்போடு நின்றது. மரம் வெட்டப் போகும் பிள்ளைக்கு அவ்வளவு பொருந்தும் என்று அளந்து தைத்த சட்டை. தமிழன் அடங்கிப் போகிறவன், ரப்பருக்குத் தோதானவன் என்று துரைமார்கள் எழுதி வைத்ததும் ஒரு வகைப் பொருத்தம் பார்த்தல்தான். துரையைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடவும் முடியாது. பறை யார் கையில் இருக்க வேண்டும், யார் அதைத் தொடக்கூடாது என்று ஊரில் சாதி முடிவு செய்திருந்தது. கப்பலில் அதுவும் ஏறி வந்தது. இன்று தைப்பூசத்தில் உறுமி மேளம் அடிக்கும் பையன்களில் எத்தனை பேர் இதை யோசிக்கிறார்கள் தெரியவில்லை. அந்த உறுமியின் இடது பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வருகிற முனகல் இருக்கிறதே, தோட்டத்தில் பேஸ் என்ற சொல் வருவதற்கு முன்பே இருந்த பேஸ் அதுதான்.

ஆக அளவு பார்க்காமல் கொடுத்தால் உடம்பு வளைகிறது, அளவு பார்த்துக் கொடுத்தால் ஆள் வேலிக்குள் நிற்கிறான். அன்புக்கும் வேலிக்கும் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்ற அதிகாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு குறள் உண்டு. எந்த வேலை, எந்தக் கருவி, எந்த ஆள் என்று ஆராய்வதைப் பற்றியது. மேலாண்மைப் பயிற்சியில் அதை முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆராய்ந்த பிறகு அந்த வேலையை அவனிடம் விட்டுவிடு என்பது அதன் மறுபாதி. விட்டுவிடுவதுதான் கஷ்டம். அளந்தவனுக்கு அளவுகோலைக் கீழே வைக்க மனம் வராது.

நான் செய்தது சாதாரண வேலைதான். ஒரு சனிக்கிழமை அவளையும் அவள் அப்பாவையும் சிரம்பானில் ஒரு கடைக்கு அழைத்துப் போய், மூன்று பேஸை எடுத்து முன்னால் வைக்கச் சொன்னேன். 34 அங்குலத்தில் இரண்டு: கழுத்து அகலமான பிரிசிஷன் வகை ஒன்று, நட் அகலம் 38 மில்லிமீட்டரே இருக்கும் ஜாஸ் பேஸ் வகை ஒன்று. மூன்றாவது 30 அங்குலக் குட்டை. சிமாண்டல் முறையில் கை வைப்பதைக் காட்டினேன். நிற்க வைத்தேன், உட்கார வைத்தேன். நாலு கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றால்தான் கருவி தன் குணத்தைச் சொல்லும். ஒன்றின் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்துகொண்டே இருந்தது, அதை அவளே ஓரமாக வைத்துவிட்டாள். என் மனம் ஜாஸ் பேஸ் பக்கம்தான். மெல்லிய கழுத்து, 89 மில்லிமீட்டர், முழு ஒலி. காரணங்களைச் சொன்னேன். அந்தக் கணக்கு இன்றைக்கும் சரிதான்.

அவள் குட்டையை எடுத்தாள். ஏன் என்று கேட்டேன். "அப்பா மோட்டார்ல பின்னால ஒக்காந்து இதத் தூக்கிட்டுப் போவணும் அண்ணே. பெருசு தலைக்கு மேல நிக்கும், செம்பன மட்டையில இடிக்கும்."

கூட்டத்தில் யாருடைய அளவுகோலிலும் இந்த அங்குலம் இல்லை. என்னுடையதிலும் சேர்த்துத்தான். தாமானிலிருந்து கோயிலுக்கு மண் ரோட்டில், வெட்டாத மட்டைகள் தாழ்ந்து கிடக்கும் ரோட்டில், வாரம் இரண்டு முறை போகப் போவது அவள். கைக்குப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தோம், அவள் வழிக்குப் பொருத்தம் பார்த்தாள். சின்னது வாங்குங்கள் என்று கூட்டத்தில் சொன்னவரும் அதே கிட்டாரைத்தான் சொன்னார். ஆனாலும் அவர் சொன்னதும் இவள் எடுத்ததும் ஒன்று என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பணத்தில் மிச்சம் இருந்தது. இழுவிசைக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்ட, குட்டை அளவுக்கான தடித்த தந்திச் சரம் ஒன்று வாங்கினோம். தோளில் பதியாமலிருக்க அகலமான தோல்பட்டை, அதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பிறகு ஆம்ப் பிரச்சினை. அடித் தந்தியின் சுருதி 41 ஹெர்ட்ஸ். எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த 15 வாட் பயிற்சிப் பெட்டி அதை உண்மையில் ஒலிக்காது. மேல் அதிர்வுகளைக் கேட்டு நம் காதே கீழ்ச் சுருதியை நிரப்பிக்கொள்ளும். வீட்டில் பழக அது போதும். சுவரே இல்லாத கோயில் திடலில், உறுமிக்குப் பக்கத்தில் காணாமல் போய்விடும். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான். அதனால் பெரிய ஆம்ப் ஆசையை விட்டுவிட்டு ஒரு டிஐ பெட்டி வாங்கி, கோயில் ஒலிபெருக்கியிலேயே சேர்த்துவிடலாம் என்று முடிவானது.

இதற்குத்தான் கூட்டத்தில் அதிக எதிர்ப்பு. "பேஸ் யாருக்குத் தம்பி கேக்கப்போவுது, பாட்டுக் கேட்டாப் போதாதா?" நான் இளையராஜாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். பேஸைத் தாளம் போடும் வேலையோடு நிறுத்தாமல், பாட்டுக்கு எதிரே நடக்கிற இன்னொரு மெட்டாக ஒவ்வொரு சுரமும் எழுதிக் கொடுத்தவர் அவர். வாயால் பாட்டைப் பாடும்போது பல்லவிக்கு நடுவே நாம் 'டும்டும்' என்று தானாக இழுப்பது அந்த எழுத்தைத்தான். பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். அவரும் அப்படி இழுப்பவர்தானாம்.

முதல் ஒத்திகைக்கு நான் போயிருந்தேன். சுருதி சேர்க்க அவளுக்குப் பத்து நிமிடம் பிடித்தது, இரண்டே சுரம்தான் வாசித்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்து, "அண்ணே, எனக்கு நான் கேக்கல. கொஞ்சம் ஏத்துங்க" என்றாள்.