இரண்டாம் விருப்பமும் வாக்கின் அறமும்

பெரும்பான்மையோர் இசைவே ஆட்சிக்கு அடிப்படை என்பது மக்களாட்சிக் கோட்பாடு. ஆயின், மூவரோ அதற்கு மேற்பட்டோரோ போட்டியிடும்போது எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாத நிலை தோன்றலாம். அந்நிலையில் பெரும்பான்மையைக் கண்டறிவது கணக்கு மட்டும் அன்று. அறம் சார்ந்த வினாவும் ஆகும்.

பெங்களூர் நகரில் இவ்வினாவுக்கு இருவேறு விடைகள் வழக்கில் உள்ளன. சட்டப்பேரவைத் தேர்தலில் வாக்காளர் ஒருவரை மட்டும் தெரிவுசெய்கிறார். மிகுதியான வாக்குப் பெற்றவர் வெல்கிறார். சட்ட மேலவைக்குரிய பட்டதாரிகள், ஆசிரியர்கள் தொகுதிகளிலோ 1, 2, 3 என விருப்பவரிசை இடப்படுகிறது. எவரும் பாதியைக் கடக்காவிடில், கடைநிலையில் உள்ளவர் நீக்கப்பட்டு, அவர்தம் வாக்குகள் அடுத்த விருப்பத்தின்படி மாற்றப்படுகின்றன.

ஒருவரது இரண்டாம் விருப்பம் பிறரது முதல் விருப்பத்திற்கு நிகராகுமா என்பது இம்முறையின்மீது எழும் தடை. இதற்கு 1969ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல் சான்றாகும். அவ்வாண்டு சூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரசுத் தலைமை நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. முதல் எண்ணிக்கையில் வி.வி.கிரி 4,01,515 வாக்கு மதிப்பும், ரெட்டி 3,13,548 மதிப்பும், சி.டி.தேஷ்முக் 1,12,769 மதிப்பும் பெற்றனர். ஏனையோர் நீக்கப்பட்டபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என முடிவு அமைந்தது. இரண்டாம் விருப்பமே கிரியை வெல்வித்தது என்பர். எனினும் மாறிய வாக்குகளில் பெரும்பகுதி ரெட்டியையே சேர்ந்தது. முன்னிலையில் இருந்தவரைப் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கின்றனரா என்று சோதித்ததே இம்முறையின் பணி. இறுதி எண்ணிக்கையிலும் எவரது வாக்கும் இருமுறை கணக்கிடப்படவில்லை. ஆதலின் அத்தடை வலுவற்றதாகிறது.

ஆயினும் குறையொன்று உண்டு. கிரிக்கும் ரெட்டிக்கும் முதல் விருப்பம் அளித்தோரின் இரண்டாம் விருப்பம் பார்க்கப்படவே இல்லை. தோற்று நீங்கியவரின் ஆதரவாளர்தம் மறுசிந்தனை மட்டுமே மதிப்புப் பெற்றது.

வரிசையிட்டு வாக்களித்தல் கற்றோர்க்கே இயலும் என்னும் கருத்தும் ஆராயத்தக்கது. இலங்கையில் சனாதிபதித் தேர்தலில் பொதுமக்கள் அனைவர்க்கும் இவ்வுரிமை உண்டு. 2024இல் அங்கு முதன்முறையாக இரண்டாம் விருப்பம் எண்ணப்பட்டு, அநுர குமார திசாநாயக்க வென்றார். எனினும் மிகப் பலர் ஒருவருக்கு மட்டுமே வாக்களித்திருந்தமையால், செல்லத்தக்க வாக்குகள் அனைத்திலும் பாதியை அவர் எட்டவில்லை. உரிமை இருந்தும் அது பயன்படுத்தப்படாவிடில் பெரும்பான்மை உருவாவதில்லை என்பது இதனால் புலனாகும்.

தான் விரும்பியவர் தோற்பின் எவரை ஏற்பது என்று வாக்காளரை எண்ணச் செய்வதே விருப்பவரிசை முறையின் அறப்பயன். அவ்வெண்ணம் பட்டம் பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று. பெங்களூரில் அதனைக் கற்றோர் தொகுதிகளுக்குள் அடக்கி வைத்தற்கு அறநோக்கில் ஏற்புடைய காரணம் காண்டல் அரிது.