மலை ஏறும் லிட்டர்

லிட்டருக்கு 16.13 கிலோமீட்டர். 258 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் காருக்கு இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் (ஏ.ஆர்.ஏ.ஐ.) சோதனை கொடுத்த மைலேஜ் இது. சென்னைக்குத் தெற்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை 2007இல் திறந்தபோது முதலில் வெளியே வந்ததும் 3 சீரிஸ்தான். அவ்வளவு வேகத்துக்கும் சொகுசுக்கும் இது நல்ல மைலேஜ். பொய்யான எண்ணும் இல்லை. ஆனால் கொடைக்கானல் அடிவாரத்து வத்தலக்குண்டைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அந்த எண்ணைக் கீழேயே விட்டுவிட வேண்டியதுதான்.

சோதனைக் கூடத்தில் காரை உருளைகள்மேல் நிறுத்திச் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழல விடுகிறார்கள். 1,180 விநாடி ஓட்டம், தூரம் பத்தரை கிலோமீட்டர் சொச்சம், உச்ச வேகம் மணிக்கு 90. புகைக்குழாயில் வரும் வாயுவை அளந்து எரிந்த பெட்ரோலைக் கணக்கிடுவார்கள். ஏ.சி. ஓடாது, ஏற்றமும் இருக்காது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் வேண்டும் என்பது நியாயம்தான். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு மாடல் முதல் அதிவேகம், ஏ.சி., கடுங்குளிர் மூன்றையும் கணக்கில் சேர்த்தார்கள். அங்கேயும் மலை சேரவில்லை.

மலையின் கணக்கைப் பள்ளிக்கூடப் பாடத்தை வைத்தே போட்டுவிடலாம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். காரும் நான்கு பேரும் பெட்டிகளுமாக 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 32 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் இருக்கும் மொத்த ஆற்றலும் அவ்வளவுதான். எஞ்சினோ அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட முழுதாகச் சக்கரத்துக்குத் தருவதில்லை. மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகையாகவும் போய்விடும். ஆகவே தூக்கும் வேலைக்கே மூன்று லிட்டருக்குமேல். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் உருளும் செலவு அதற்கு மேல் தனி. மேலே போய்ச் சேரும்போது லிட்டருக்கு எட்டு வந்தால் ஆச்சரியமில்லை. கார் எந்தக் கம்பெனியுடையது என்று மலை பார்ப்பதில்லை. எடையை மட்டும்தான் பார்க்கிறது.

மேலே தூக்கச் செலவான ஆற்றல் இறங்கும்போது திரும்பி வருமா? கொஞ்சம் வரும். கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் விட்டு இறக்கினால் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். மிச்சமும் கிடையாது, வண்டியைப் பிடிக்க பிரேக் ஒன்றுதான் இருக்கும். ஏறும்போது சேர்த்த ஆற்றலில் பாதிக்குமேல் இறக்கத்தில் வெறும் சூடாகப் போகிறது. மலைப்பாதையில் ஊத்து என்ற இடத்தின் பக்கம் ஓரங்கட்டிய கார்களின் முன்சக்கரத்திலிருந்து வரும் கருகல் வாடை அந்தச் சூடுதான். காலையில் மூச்சுமுட்ட மேலே தூக்கிய பெட்ரோல், பிரேக் பேடில் எரிந்துகொண்டிருக்கிறது. ஹைப்ரிட், மின்சாரக் கார்கள் அந்த ஆற்றலில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்துவைக்கின்றன. மலைக்கு அதனால் லாபம் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் என் மனசை அரிப்பது வேறு. இந்தப் பாதையில்தான் பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்ற மலை ஊர்களுக்கும் பஸ் போகிறது. காப்பிக்காட்டு வேலைக்குப் போகிறவர்களும் மலைவாழைத் தார் ஏற்றிய லோடு வண்டிகளும் போகும் வழி இது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். கொண்டை ஊசி வளைவில் அதை மதிக்காமல் ஒரு கார் நுழைந்தால், பஸ் நின்றுவிடும். நிறைந்த பஸ்ஸை நின்ற ஏற்றத்திலிருந்து மறுபடி முதல் கியரில் கிளப்ப டிரைவர் படும் பாட்டைப் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் எஞ்சின் சத்தமே சொல்லிவிடும். அப்போது எரியும் டீசல் காரின் மைலேஜில் ஏறாது. பஸ் டிரைவரின் கே.எம்.பி.எல். (லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்) கணக்கில் ஏறும். டிப்போவில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

தலைக்கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். பஸ் இந்த ஏற்றத்தில் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர்தான் தருகிறது என்றே வைப்போம். ஐம்பது பேர் இருந்தால் ஒரு லிட்டர் 150 ஆள்-கிலோமீட்டர். எட்டு தரும் காரில் இரண்டு பேர் வந்தால் 16. நான்கு பேர் வந்தாலும் 32. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை தவறினால் காப்பி பூக்காது என்று வானத்தைப் பார்த்து வாழும் ஊரில் இந்தக் கணக்கை அலட்சியமாகப் பேச முடியாது. பெட்ரோல் விலை எனக்குப் பொருட்டில்லை என்று கார்க்காரர் சொல்லலாம். அவர் கொடுப்பது பெட்ரோலுக்கான விலை மட்டுமே; புகையின் விலையை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை.

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதி வந்தது, சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால். மறு ஆண்டு கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் கட்டினார்கள். அரசுப் பஸ்ஸையும் உள்ளூர் வண்டிகளையும் வரம்புக்கு வெளியே விட்டது சரியான முடிவு. எனினும் இரண்டு பேர் வரும் காரும் ஐந்து பேர் வரும் காரும் அந்த வரம்பில் ஒன்றாகவே எண்ணப்பட்டன. ஆள் நிறைந்து வரும் வண்டிக்கு முன்னுரிமை கொடுக்கலாம். வத்தலக்குண்டில் நம்பி காரை விட்டுப்போக ஒரு நல்ல நிறுத்துமிடம், அங்கிருந்து கால் மணிக்கொரு மலைப் பஸ், அதில் பண்ணைக்காட்டுக்காரர்களுக்கும் உட்கார இடம்: இதைத்தான் அரசிடம் கேட்க வேண்டும், அடுத்த கோடைக்கு முன்பே.