இல்லை என்று சொல்லும் தகுதி

காணாமை இன்மைக்குச் சான்றாகுமா என்பது இந்தியத் தருக்கத்தின் மிகப் பழைய வழக்குகளில் ஒன்று. தமிழுக்கும் அது புதிதன்று. மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி எண்ணிக் காட்டும் பத்து அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், இன்மையை அறிவதான அபாவமும் இடம்பெறுகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அதைக் குறிப்பிட்டுவிட்டு, எல்லா அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். அந்த வழக்கு முடிந்துவிடவில்லை. பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒரு செயலி திணறி நின்றபின், அதன் ஓட்டத்தைப் பதிவுசெய்த கோப்பைத் திறந்து பார்க்கும் பொறியாளர், அறியாமலே அதைத்தான் மறுபடி நடத்துகிறார். கோப்பில் எதுவும் இல்லை. ஆகவே எதுவும் நடக்கவில்லை என்கிறார். இந்த 'ஆகவே'யைச் சொல்ல ஒருவருக்கு எப்போது தகுதி வருகிறது? எதைப் பதிவது, எதை விடுவது என்று முடிவுசெய்யும் வடிகட்டியை எழுதியவர், தன் கருவி எதைக் காணமாட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் வருகிறது என்பது என் வாதம்.

ஜாவா மொழியில் எழுதிய செயலிகளுக்கான 'ஃப்ளைட் ரெக்கார்டர்' என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். ஜேராக்கிட் என்ற ஜாவா இயந்திரத்தோடு வளர்ந்து, பின்னர் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கு வந்து, 2018-இல் ஜேடிகே 11 பதிப்போடு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது இது. ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்குள் பூட்டுக்காகக் காத்திருத்தல், கோப்பு வாசித்தல், நினைவகத் துப்புரவு போன்ற நிகழ்வுகளை அது குறித்துக்கொண்டே வரும். எல்லாவற்றையும் குறித்தால் செயலியே தள்ளாடும் என்பதால் பல நிகழ்வுகளுக்குக் கால வரம்பு உண்டு. இயல்பு அமைப்பில், ஒரு பூட்டுக்காக 20 மில்லிவினாடிக்கும் குறைவாகக் காத்திருந்தது பதிவாகாது. பெரும்பாலும் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒரே வேலைக்குள் 19 மில்லிவினாடிக் காத்திருப்பு ஆயிரம் முறை அடுத்தடுத்து நேர்ந்தால் வாடிக்கையாளர் 19 வினாடி காத்திருப்பார். அந்தக் காத்திருப்புகளில் ஒன்றுகூடக் கோப்பில் இருக்காது. கோப்பு பொய் சொல்லவில்லை. தன்னிடம் கேட்கப்பட்டதை மட்டும் சொல்லியிருக்கிறது.

கருவியோடு வரும் வரம்புகள் போதாதபோது நிரலாளர் தானே ஒரு நிகழ்வு வகையை உருவாக்கலாம். அதற்கு ஒரு தனி வடிகட்டியும் எழுதலாம். இணைய முகவரியில் 'ஆர்டர்' என்ற சொல் இருக்கும் கோரிக்கைகளை மட்டும் பதி என்று சில வரிகளில் கட்டளையிட முடியும். அந்த வரிகளை எழுதும்போது அவர் உலகத்தைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்குகிறார்: கோளாறு வந்தால் இந்தப் பக்கம்தான் வரும் என்பது அந்தத் தீர்ப்பு. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் பதிந்துவிட்டுப் பார்க்கும்போது சிலவற்றை ஒதுக்குவது ஒன்று. பதியும்போதே ஒதுக்குவது வேறொன்று. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலையும் அழித்தலையும் சைவம் தனித்தனியாக வைத்திருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. மறைந்தது மீண்டும் தோன்றலாம். பதியும் வாசலிலேயே தடுக்கப்பட்ட நிகழ்வோ, பின்னால் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. தனி வடிகட்டியின் பொறுப்பு அவ்வளவு கனமானது.

ஏழாம் நூற்றாண்டு அளவில் இந்தப் பொறுப்பைத் துல்லியமாக வரையறுத்தவர்கள் எதிரெதிர் அணியில் இருந்தவர்கள். மீமாம்சகரான குமாரில பட்டர், இன்மையை அறிவதற்குக் 'காணாமை' என்ற தனி அளவையே உண்டு என்றார். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்துக்குள் வைத்தார். ஆனால் நிபந்தனையில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன: பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலையில்தான், தென்படாமை இன்மையைக் காட்டும். வெளிச்சம் நிறைந்த தரையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை. இயல்பாகவே கண்ணுக்குப் புலப்படாத பிசாசைக் காணவில்லை என்பதால் பிசாசு இல்லை என்று நிறுவ முடியாது என்றும் தர்மகீர்த்தியின் மரபு சொல்லும். 20 மில்லிவினாடி வரம்பு வைத்த பதிவுக்கு 19 மில்லிவினாடி நிகழ்வு பிசாசுதான். அது இல்லை என்று சொல்ல அந்தப் பதிவுக்கு உரிமை கிடையாது.

இந்த மென்பொருள் எதிலிருந்து தன் பெயரைப் பெற்றதோ, அந்த விமானப் பதிவுக் கருவிக்கும் இதே எல்லை உண்டு. 1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-320, பெங்களூர் எச்ஏஎல் விமான நிலைய ஓடுபாதைக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. அதில் இருந்த 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். இன்ஜின்கள் மிகக் குறைந்த விசையில் இருக்க விமானம் இறங்கிக்கொண்டே போனதைப் பதிவுகள் காட்டின. அந்த நிலைக்கு அது ஏன் போனது என்ற கேள்விக்கு, இறங்கும் வேகத்தை அமைக்கும் குமிழுக்குப் பதிலாக உயரத்தை அமைக்கும் குமிழ் திருப்பப்பட்டிருக்கக்கூடும் என்ற ஊகம்தான் விசாரணையில் விடையாக எழுந்தது. விமானம் செய்ததைக் கருவி அறியும். குமிழைத் தொட்ட கையின் எண்ணத்தை அறியாது. பதிவு நிற்கும் இடத்தில் அனுமானம் தொடங்குகிறது. அனுமானத்தை அனுமானம் என்றே சொல்வதுதான் நேர்மை.

முதல் மறுப்பு எளிதாக எழும்: வடிகட்டியே வேண்டாம், எல்லாவற்றையும் பதிந்துவிடலாமே? சேமிப்பு இன்று மலிவுதானே? சேமிப்பு மலிவாகலாம், கவனிப்பு மலிவாகாது. ஒவ்வொரு நிகழ்வையும் குறிக்கும் செயலே செயலியின் நேரத்தைத் தின்னும், அதன் நடத்தையையும் மாற்றும். இயல்பு அமைப்பின் சுமை ஒரு சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்று இந்தக் கருவியை வடிவமைத்தவர்கள் குறி வைத்ததற்குக் காரணம் இதுவே. இதற்கு ஆழமான விடை சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது. ஆணவத்தால் மூடப்பட்ட உயிருக்குக் கலை, வித்தை, அராகம் முதலிய தத்துவங்கள் சட்டையாக அமைகின்றன என்கிறது அது. காஷ்மீர சைவம் இந்தச் சட்டைகளைப் பெரும்பாலும் சுருக்கும் கட்டுகளாகவே பார்க்கும். சித்தாந்தமோ, இருளைச் சற்றே விலக்கி உயிரின் அறிவையும் செயலையும் விழைவையும் சிறிதளவு இயங்கச் செய்பவை அவையே என்கிறது. எல்லை இருப்பதால்தான் சிற்றறிவுக்கு அறிதல் கைகூடுகிறது. எல்லையற்ற பதிவைக் கேட்பவர் பேரறிவைக் கேட்கிறார். அது கிடைத்தாலும் அதைப் படித்து முடிக்க அவருக்கு ஆயுள் போதாது. ஆகவே வடிகட்டுவது குற்றமாகாது. சட்டையைத் தோல் என்று எண்ணிக்கொள்வதுதான் பிழை.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. பொறியாளருக்கு முழு உறுதி தேவையில்லை, மாதிரி எடுத்துப் பார்த்தால் போதும். நிகழ்தகவு மிச்சத்தைக் கவனித்துக்கொள்ளும் என்பார்கள். சராசரியைப் பற்றிய கேள்விகளுக்கு இதை முழுமையாக ஏற்கிறேன். எந்தச் செயற்கூறு அதிக நேரம் தின்கிறது என்று அறிய, 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதே போதுமானது. ஆனால் மாதிரி நம்பத் தகுந்ததாக இருக்க, கருவி பார்க்கத் தவறுவதும் நிகழ்வு நடப்பதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். பல நேரங்களில் அப்படி இருப்பதில்லை. ஒரு கோரிக்கைக்குப் பதில் வந்தபின்தான் அடுத்ததை அனுப்பும் சோதனைக் கருவி, செயலி உறைந்து நிற்கும்போது தானும் சும்மா நிற்கும். அதனால் மிக மோசமான நேரத்தில்தான் மிகக் குறைந்த அளவீடுகள் கிடைக்கும். கில் டெனே என்ற பொறியாளர் இந்தக் குறைக்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்திருக்கிறார். குடம் வைக்கப்படும் நொடியில் விளக்கும் அணையுமானால், எத்தனை முறை பார்த்தாலும் குடத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

மூன்றாவது மறுப்புதான் கூர்மையானது. வீடுபேற்றுக்காக வகுத்த அளவை இயலை இயந்திரக் கோளாறுக்கு இழுப்பது மிகை என்று சமயத்தார் சொல்லலாம். வேலை நடந்தால் போதும் என்று பொறியாளரும் சொல்லலாம். பதிவுகள் இயந்திரத்தோடு நின்றால் இருவரும் சொல்வது சரி. அவை மனிதர்மேல் தீர்ப்பாகவும் விழுகின்றன. பெங்களூர்த் தெருக்களில் உணவு கொண்டுசெல்பவரின் காத்திருப்பு, சுற்றுவழி, அழைப்பை ஏற்றது, மறுத்தது எல்லாம் ஏதோ ஒரு நிகழ்வு வகைக்குள் பொருந்தினால்தான் கணக்கில் வரும். அவர் கடை வாசலில் நின்ற நேரத்துக்கு எவரும் ஒரு நிகழ்வை வரையறுக்கவில்லை என்றால், அவர் நிற்கவில்லை என்றே பதிவு சொல்லும். தானியங்கிக் கண்காணிப்பிலும் முடிவெடுப்பிலும் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று 2025-இல் கர்நாடகம் செயலித் தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்த சட்டம் கேட்பது, தத்துவ மொழியில் சொன்னால், காணாமைக்கான நிபந்தனையைத்தான்: எங்களைக் காணவில்லை என்கிறீர்களே, எங்களைக் காணும் ஏற்பாடு உங்களிடம் இருந்ததா?

இந்த நிபந்தனை நிறைவேற்ற முடியாத ஒன்றும் அல்ல. ஃப்ளைட் ரெக்கார்டர் தான் எழுதும் கோப்பிலேயே, எந்த நிகழ்வு இயக்கப்பட்டிருந்தது, எதற்கு எந்த வரம்பு இருந்தது என்பதைத் தனி நிகழ்வாகக் குறித்துவைக்கிறது. தன் குருட்டுப் புள்ளிகளைத் தன்னோடே சுமந்து வரும் சாட்சி அது. அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தீர்ப்புக்குப் போவது நம் பழக்கம். ஆனால் அந்த வரம்பை ஏன் வைத்தார்கள், யாருக்காக வைத்தார்கள், எந்த ஐயத்தை மனத்தில் கொண்டு வைத்தார்கள் என்பதை எந்தக் கருவியாலும் எழுத முடியாது. அதை வடிகட்டியை எழுதியவர் எழுத வேண்டும், பதிவைப் படிப்பவர் கேட்க வேண்டும். இரண்டும் நடக்காத இடத்தில் வெற்றுக் கோப்பைக் காட்டி 'இல்லை' என்பவர், தன் அறியாமையை உலகத்தின் இன்மையாக அறிவிக்கிறார்.