போதும் என்னும் அளவு: ஷார்ட்ரூஸ் துறவிகளும் அவர்களின் மூலிகை மதுவும்

பிரான்சில் கிரெநோபிள் நகருக்கு வடக்கே எழும் ஷார்ட்ரூஸ் மலைகளில் 1084-ஆம் ஆண்டு புனித புரூனோ ஆறு தோழர்களோடு தனிமை நாடிக் குடியேறினார். அங்கே வேர்கொண்ட கார்த்தூசியன் சபை, கத்தோலிக்கத் துறவற சபைகளுள் மிகக் கடுமையான ஒழுங்கை உடையது. 55 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பச்சை ஷார்ட்ரூஸ் என்னும் மூலிகை மதுவும் இதே சபையினுடையதுதான். உலகெங்கும் அதற்குக் கிராக்கி ஏறிக்கொண்டிருந்த 2019-இல், உற்பத்தியை இனிக் கூட்டுவதில்லை என்று துறவிகள் முடிவு செய்தனர். 2023 தொடக்கத்தில் அந்த முடிவு ஒரு கடிதத்தின் வழியே வெளியுலகுக்குத் தெரிந்தது. தனிமைக்கும் ஜெபத்துக்கும் உரிய நேரத்தைக் காப்பதே அதற்குச் சொல்லப்பட்ட முதற்காரணம். உழைப்புக்கு எல்லை உண்டா, உண்டென்றால் அதை வகுப்பது எது என்ற பழைய கேள்விக்கு இந்த முடிவு ஒரு விடை.

துறவி மது வடிக்கலாமா என்ற ஐயம் முதலில் எழுவது இயல்பு. பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் மதுவை விலக்குகிறது. இஸ்லாமும் அதைத் தடை செய்கிறது. திருப்பலியிலேயே திராட்சை இரசத்தைப் பயன்படுத்தும் கிறிஸ்தவ மரபு வேறு வழியில் சென்றது. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கின் 40-ஆம் அதிகாரம், மது துறவிகளுக்கு ஏற்றதன்று என்ற பழைய கருத்தைச் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து அனுமதிக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், மது தன்னளவில் தீயதன்று, அறிந்தே அறிவிழக்கும்வரை குடிப்பதுதான் பாவம் என்று வகுத்தார். ஆக, இந்த மரபில் நன்மை தீமை குப்பிக்குள் இல்லை. அருந்தும் அளவில் இருக்கிறது. குடிப்பவரிடம் கேட்கப்படும் அந்த அளவை வடிப்பவரிடமும் கேட்பதே ஷார்ட்ரூஸ் முடிவின் உட்பொருள்.

இந்த மது மருந்தாகப் பிறந்தது. 1605-இல் பிரான்சுவா அன்னிபால் தெஸ்திரே என்ற படைத்தலைவர், நீண்ட ஆயுள் தரும் சாறு ஒன்றின் செய்முறை அடங்கிய கையெழுத்துப் படியைப் பாரிஸ் அருகே இருந்த கார்த்தூசியன் மடத்துக்கு அளித்தார். சிக்கலான அந்தச் செய்முறை 18-ஆம் நூற்றாண்டில் தலைமை மடமான கிராண்ட் ஷார்ட்ரூஸில்தான் செம்மையடைந்தது. 69 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட அந்த மருந்துச் சாறு இன்றும் விற்பனையில் உள்ளது. குடிப்பதற்கு ஏற்ற பச்சை மது அதிலிருந்து வந்தது. இனிப்புக் கூடி வீரியம் குறைந்த மஞ்சள் மது 1840-ஐ ஒட்டிச் சேர்ந்தது. கசப்புச் சாறுகளான பிட்டர்ஸின் கதையும் இப்படித்தான்: 1824-இல் வெனிசுவேலாவில் மருத்துவர் சீகெர்ட் வயிற்றுக் கோளாறுக்கென்று உருவாக்கிய அங்கொஸ்துரா, பின்னாளில் மதுக்கூடத்துச் சரக்காயிற்று. வோட்கா காய்ச்சுபவர் மூலப்பொருளின் சுவையை வடித்து நீக்கப் பார்க்கிறார். ஷார்ட்ரூஸில் வேலை நேரெதிரானது. 130 தாவரங்களின் சாரத்தை ஆல்கஹாலில் இறக்கித் தேக்க வேண்டும்.

அந்தத் தாவரங்கள் மடத்திலேயே ஓர் அறையில் உலர்த்தப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, இடிக்கப்பட்டு, கலக்கப்படுகின்றன. கலவை பைகளில் கட்டப்பட்டு எக்னுவார் என்ற இடத்திலுள்ள வடிசாலைக்குப் போகிறது. ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாறு ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் முதிர்கிறது. முழுச் செய்முறையையும் அறிந்தவர்கள் இரண்டு மூன்று துறவிகள் மட்டுமே. விற்பனையையும் கணக்கையும் 1970-இல் தொடங்கிய ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. கலவையை மட்டும் வெளியார் கையில் விட முடியாது. ஆகவே உற்பத்தி கூடக் கூட, அந்தச் சிலரின் பொழுதுதான் கரைகிறது.

அந்தப் பொழுது எதற்கென்று ஒதுக்கப்பட்டது என்பதில்தான் கேள்வியின் வேர் உள்ளது. கார்த்தூசியத் துறவி நாளின் பெரும்பகுதியைத் தனி அறையில் கழிக்கிறார். நள்ளிரவை ஒட்டி எழுந்து, கோவிலில் மற்றவர்களோடு நெடுநேரம் திருப்பாடல்கள் பாடி, மீண்டும் உறங்கச் செல்கிறார். இறைச்சி உண்பதில்லை. வாரம் ஒருமுறை மலைப்பாதையில் சேர்ந்து நடக்கும்போது தடையின்றிப் பேசலாம். கைவேலையும் இந்த வாழ்வின் பகுதிதான். உடலைச் சோம்பலிலிருந்து காக்கவும் மடத்துக்குச் சோறு போடவும் அது வேண்டும். ஆனால் அது துணை; ஜெபமே முதல்.

பொருள் சேர்ப்பதில் இரு வகை உண்டு என்று அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலின் முதற்பகுதியில் பிரித்துக்காட்டினார். இல்லத்தின் தேவைக்காகச் சேர்ப்பதற்கு எல்லை உண்டு; தேவை நிறைந்ததும் அது நின்றுவிடும். பணத்துக்காகப் பணம் சேர்ப்பதற்கு எல்லையே இல்லை, ஏனெனில் அதில் நிறைவு என்ற இடம் கிடையாது. சபையின் ஐந்தாம் தலைவரான கீகோ 1127-ஐ ஒட்டி எழுதிவைத்த 'வழக்காறுகள்' இந்தப் பிரிவினையை நடைமுறை ஆக்கியது. மடத்தில் துறவிகள் 13 பேர், உழைக்கும் சகோதரர்கள் 16 பேர் என்று அவர் வரம்பிட்டார். ஆடுமாடுகளுக்கும் எண்ணிக்கை வகுத்தார். ஆட்கள் பெருகினால் செலவு பெருகும், செலவு பெருகினால் துறவிகள் பொருள் தேடி ஊர் ஊராக அலைய நேரும், அலைந்தால் தனிமை போய்விடும் என்பது அவர் கணக்கு. 2019-இன் முடிவு அந்த 900 ஆண்டுக் கணக்கின் தொடர்ச்சி.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. சிக்கனமும் உழைப்பும் செல்வத்தைப் பெருக்குகின்றன, பெருகிய செல்வம் அந்த ஒழுக்கத்தையே தின்றுவிடுகிறது. துறவற சபைகளின் வரலாறே இந்தச் சிக்கலோடு போராடிய வரலாறு என்று சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் குறிப்பிட்டார். பெனடிக்ட் இதை முன்பே உணர்ந்திருந்தார். மடத்துப் பொருட்களை வெளியார் விலையைவிடச் சற்றுக் குறைத்து விற்க வேண்டும், தன் கைத்திறனால் ஒருவருக்குச் செருக்கு வந்தால் அவரை அந்தத் தொழிலிலிருந்து விலக்க வேண்டும் என்கிறது அவரது ஒழுங்கின் 57-ஆம் அதிகாரம். பெல்ஜியத்தின் வெஸ்ட்ஃபிளெட்டெரன் மடம் இன்றும் அந்த நெறியில் நிற்கிறது. 2005-இல் அதன் பீர் உலகின் தலைசிறந்தது என்று புகழப்பட்டு, மக்கள் திரண்டு வந்தபோதும் துறவிகள் உற்பத்தியைப் பெருக்கவில்லை.

எல்லை வகுப்பதற்கு எதிரான வாதங்களும் வலுவுள்ளவை. வரத்துச் சுருங்கினால் விலை ஏறும். பதுக்கி விற்பவருக்கு ஆதாயம். ஷார்ட்ரூஸுக்கும் தட்டுப்பாடு வந்தது. ஷார்ட்ரூஸ் சேரும் 'லாஸ்ட் வேர்ட்' என்ற காக்டெயிலை நம்பியிருந்த மதுக்கூடங்கள் மாற்றுச் சரக்கைத் தேடின. இதைவிடக் கனமான வாதம் அறத்தைச் சார்ந்தது: கூடுதல் வருவாய் எளியோருக்கு உதவக்கூடுமே, அதை வேண்டாம் என்பது தன்னலம் ஆகாதா? உலகத்துக்காக இடைவிடாது வேண்டுவதே எங்கள் பணி, அதுவும் தொண்டே என்பது சபையின் மறுமொழி. ஜெபத்தின் பயனை நம்பாதவருக்கு இது போதாது. ஆனால் அவரும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: எல்லா நன்மைக்கும் ஒருவரே பொறுப்பேற்றால், அவர் மட்டுமே செய்யக்கூடிய நன்மைக்கு நேரம் மிஞ்சாது.

சந்தையிடம் கேட்டால் 'இன்னும்' என்றே சொல்லும். போதும் என்று சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. அந்தச் சொல் வாழ்வின் நோக்கத்திலிருந்துதான் வர முடியும். நோக்கம் தெளிவாக உள்ளவருக்கு எல்லை ஓர் இழப்பன்று, அந்த நோக்கத்தைக் காக்கும் வேலி. துறவு பூணாதவருக்கும் இந்த விதி பொருந்தும்: எதற்காக உழைக்கிறோம் என்று தெரிந்தவரே எவ்வளவு உழைப்பது என்றும் முடிவு செய்ய முடியும்.